எடுப்பதெல்லாம் 'டேக்' அல்ல!

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடம் தொடங்கும்போதே வந்துவிடும் சொற்களில் ஒன்று 'டேக்'.

"டேக் என்றால் எடு" என்று ஆசிரியர் சொல்லுவார். பிள்ளைகள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுவார்கள். 'டேக் தி புக்' என்றால் புத்தகத்தை எடு. 'டேக் தி பென்' என்றால் பேனாவை எடு. அத்தோடு அந்தப் பாடம் முடிந்துவிடும்.

பையன் வீட்டுக்கு வருகிறான். பாட்டிக்குக் காய்ச்சல். மருந்துச் சீட்டில் 'டேக் ஒன் டாப்லெட் ஆப்டர் புட்' என்று எழுதியிருக்கிறது. "படித்துச் சொல்லடா" என்கிறாள் பாட்டி. அவனும் எழுத்துக் கூட்டிப் படித்து, "சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரையை எடு" என்று அர்த்தம் சொல்லுகிறான்.

"எடுத்து?" என்று கேட்கிறாள் பாட்டி.

பாட்டி கேட்டது சரியான கேள்வி! அந்தச் சீட்டில் 'டேக்' என்றால் 'எடு' அல்ல; 'விழுங்கு' என்று பொருள். பையன் படித்த பாடத்தில் இது இல்லை.

சொல் ஒன்று, வேலை ஒன்பது

'டேக் எ சீட்' என்றால் நாற்காலியை எடு என்று அர்த்தம் அல்ல. உட்கார் என்று அர்த்தம். ஆபீசில் அதிகாரி இப்படிச் சொன்னவுடன் யாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவதில்லை.

'டேக் எ பாத்' என்றால் குளி. 'டேக் எ வாக்' என்றால் உலாவப் போ. 'டேக் கேர்' என்றால் கவனமாக இரு. 'டேக் தி பஸ்' என்றால் பஸ்சில் போ. 'டேக் அன் ஓத்' என்றால் சத்தியம் செய். 'டேக் ரிவெஞ்ச்' என்றால் பழி வாங்கு. 'டேக் பார்ட்' என்றால் கலந்துகொள்.

'டேக் பிளேஸ்' என்று ஒன்று இருக்கிறது. 'பிளேஸ்' என்றால் இடம். ஆகவே 'இடத்தை எடு' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதற்குப் பொருள் 'நடைபெறு'. கல்யாணம் நடந்தது, கூட்டம் நடந்தது, தேர்தல் நடந்தது என்று சொல்ல ஆங்கிலத்தில் இதைத்தான் சொல்லுகிறார்கள்.

இத்தனை காரியத்திலும் 'எடுப்பது' எங்கே இருக்கிறது? தேடினாலும் கிடைக்காது.

சுமை யார் தலையில்?

இதன் சூட்சுமம் மிகவும் எளிது.

'டேக் எ வாக்' என்ற தொடரைப் பிரித்துப் பாருங்கள். நடப்பதைச் சொல்லுவது எது? 'வாக்' என்ற பெயர்ச்சொல். 'டேக் எ பாத்' என்பதில் குளிப்பதைச் சொல்லுவது எது? 'பாத்' என்ற பெயர்ச்சொல். அப்படியானால் 'டேக்' என்ன சொல்லுகிறது?

ஏறக்குறைய ஒன்றும் சொல்லவில்லை! நேற்று என்றால் 'டுக்' என்று மாறுகிறது. நாளை என்றால் 'வில் டேக்' என்று மாறுகிறது. காலத்தைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மூட்டையைச் சுமப்பது பெயர்ச்சொல். கூட வெறுங்கையோடு நடந்து வருவது வினைச்சொல்.

இதைக் கவனித்து ஒரு பெயரும் வைத்தவர், டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன் என்ற மொழி அறிஞர். 1860-ல் பிறந்தவர்; 1943-ல் இறந்தார். ஆங்கில இலக்கணத்தைப் பற்றிப் பல பாகங்கள் கொண்ட பெரிய நூல் எழுதினார். இப்படிக் கனம் இல்லாமல் வரும் வினைச்சொற்களை 'லேசான வினை' என்று அவர் அழைத்தார். 'டேக்', 'மேக்', 'டூ', 'ஹேவ்', 'கிவ்' எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

பெயர் வைத்தவர் வெள்ளைக்காரர்தான்; ஆனால் இங்கிலாந்துக்காரர் அல்ல. அது தற்செயல் அல்ல என்றே தோன்றுகிறது. பிறந்ததிலிருந்து பேசுகிறவனுக்குத் தன் மொழியின் விசித்திரம் கண்ணில் படாது. வெளியே இருந்து கற்றுக்கொள்ள வந்தவன்தான் தடுக்கி விழுந்து, 'இங்கே ஒரு கல் இருக்கிறது' என்று சொல்லுவான்.

கடல் கடந்து வந்த சொல்

இன்னொரு வேடிக்கை. 'டேக்' என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அல்ல!

கி.பி. 793-ம் ஆண்டு, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரத்தில் உள்ள லிண்டிஸ்பார்ன் என்ற சிறு தீவின் மீது கப்பல்களில் வந்த கொள்ளைக்காரர்கள் பாய்ந்தார்கள். அங்கே இருந்த துறவிகளின் மடத்தைச் சூறையாடினார்கள். அவர்கள்தான் 'வைக்கிங்' என்று சரித்திரம் சொல்லும் வடநாட்டு மாலுமிகள். பிறகு பல ஆண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் நிலம் பிடித்து, உழுது, அங்கேயே குடித்தனம் நடத்தினார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கலியாணம் செய்துகொண்டார்கள்.

அவர்கள் வாயோடு வந்த சொல் 'டாக்கா'. அதற்குப் பிடி, எடு என்று பொருள். அதுதான் 'டேக்' ஆயிற்று.

அதற்கு முன் ஆங்கிலேயர்கள் 'எடு' என்பதற்கு 'நிமன்' என்று சொல்லிவந்தார்கள். வந்த சொல் நின்றது. இருந்த சொல் போயிற்று. ஜெர்மானியர்கள் இன்றும் 'நேமன்' என்றுதான் சொல்லுகிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பழைய சொல்லின் எச்சம் ஒன்று மறைந்து கிடக்கிறது. கை மரத்துப் போனால் 'நம்' என்கிறார்களே, அது 'நிமன்' பெற்ற பிள்ளை. உணர்ச்சி 'எடுக்கப்பட்டுவிட்டது' என்று அர்த்தம்.

'கெட்' என்ற சொல்லும் அதே கப்பலில் வந்ததுதான். 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற சொல்கூட அப்படியே. கொள்ளைக்காரன் சொன்ன 'எடு', இப்போது டீ அருந்தவும், ஓய்வு கொள்ளவும், பத்திரமாக இருக்கச் சொல்லவும் பயன்படுகிறது!

"ஏன் சார்?"

வகுப்பில் புத்திசாலிப் பையன் ஒருவன் எழுந்து, "'மேக் எ மிஸ்டேக்' என்று சொல்ல வேண்டும், 'டூ எ மிஸ்டேக்' என்று சொல்லக்கூடாது என்கிறீர்களே, ஏன் சார்?" என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில ஆசிரியர்கள், "உட்கார்!" என்பார்கள். சிலர் ஏதாவது ஒரு விதியைச் சொல்லுவார்கள். "புதிதாக உண்டாக்கினால் 'மேக்'. ஒரு வேலையைச் செய்து முடித்தால் 'டூ'" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் நாலு அடி போனதும் விதி படுத்துவிடும். படுக்கையை ஒழுங்கு செய்வதற்கு 'மேக் தி பெட்' என்கிறார்கள். அங்கே தச்சர் கட்டில் செய்யவில்லை, வேலைதான் நடக்கிறது. டெலிபோன் பேசுவதற்கும் 'மேக்'. தீங்கு செய்வதற்கு 'டூ ஹார்ம்'. தீங்கு உண்டாவதுதானே? அங்கே ஏன் 'மேக்' இல்லை?

உண்மையான பதில் ஒன்றுதான்: "அப்படித்தான் சொல்லுகிறார்கள்." ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கு ஒரு வினைச்சொல்லை ஜோடியாகப் பிடித்து வைத்திருக்கிறது. 'மிஸ்டேக்' பிடித்து வைத்தது 'மேக்'கை. 'ஹோம்வொர்க்' பிடித்து வைத்தது 'டூ'வை. ஆசிரியர் இந்தப் பதிலைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. இல்லாத காரணத்தை இருப்பதாகச் சொல்லுவதுதான் பையனைக் குழப்புகிறது.

தமிழில் மட்டும் என்ன?

'இது என்ன பைத்தியக்கார மொழி!' என்று சிலர் சலித்துக்கொள்ளலாம். அவர்கள் 'போடு' என்ற தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டை போடுகிறோம். பூட்டுப் போடுகிறோம். கணக்குப் போடுகிறோம். கையெழுத்துப் போடுகிறோம். ஓட்டுப் போடுகிறோம். டீ போடுகிறோம். சண்டை போடுகிறோம். விருந்தாளிக்குச் சாப்பாடு போடுகிறோம். கோழி முட்டை போடுகிறது. குழந்தை சத்தம் போடுகிறது. இதில் எதைக் கீழே 'போடுகிறோம்'? ஒன்றையும் இல்லை.

'எடு' என்பதையும் பாருங்கள். பசி எடுக்கிறது. தாகம் எடுக்கிறது. வாந்தி எடுக்கிறது. புற்றிலிருந்து வந்த பாம்பு படம் எடுக்கிறது. கலியாண வீட்டில் போட்டோக்காரரும் படம் எடுக்கிறார்! லண்டனிலிருந்து வந்து தமிழ் படிக்கிறவர் ஒருவர் இந்த இரண்டு படத்தையும் ஒரே நாளில் கேட்டால் என்ன ஆவார்?

வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, பெயிண்ட் அடிக்கிறார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

இதையெல்லாம் தமிழ்ப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இலக்கணப் புத்தகம் சொல்லவில்லை. 'சண்டை' என்ற சொல்லை மட்டும் தனியாகவும், 'போடு' என்ற சொல்லைத் தனியாகவும் அம்மா கற்றுத் தரவில்லை. "சண்டை போடாதே" என்று சேர்த்தே ஆயிரம் தடவை சொன்னாள். பிள்ளை சேர்த்தே பிடித்துக்கொண்டது.

ஆங்கிலத்து 'டேக்'குக்குத் தமிழில் உடன்பிறப்பைப் போல் ஒரு சொல் உண்டு. அது 'எடு' அல்ல, 'கொள்'. 'டேக் பார்ட்' என்பதைப் பங்குகொள் என்கிறது தமிழ். 'டேக் பிரைட்' என்பதைப் பெருமைகொள் என்கிறது. 'டேக் இன்டரஸ்ட்' என்றால் ஆர்வம் கொள். 'டேக் ரெஸ்ட்' என்றால் ஓய்வு கொள். மருந்துச் சீட்டில் இருந்த 'டேக்'குக்குக்கூட 'உட்கொள்' என்று கச்சிதமான சொல் இருக்கிறது. 'கொள்' என்பதற்கும் முதல் பொருள் எடுத்துக்கொள், பெற்றுக்கொள் என்பதுதான். பிறகு தேய்ந்து தேய்ந்து லேசாகிவிட்டது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், ஒன்றை ஒன்று பார்க்காத இரண்டு மொழிகள் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

இப்போது போக்குவரத்து எதிர்த் திசையிலும் நடக்கிறது. 'நேரம் ஆகும்', 'நேரம் பிடிக்கும்' என்பது பழைய வழக்கு. இன்று பலர் 'நேரம் எடுக்கும்' என்கிறார்கள். ஆங்கிலத்து 'டேக் டைம்'தான் வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று தமிழாசிரியர்கள் முணுமுணுப்பதுண்டு. அவர்கள் முணுமுணுப்பில் நியாயம் உண்டு. 'பிடிக்கும்' என்ற நல்ல சொல் இருக்கும்போது இது எதற்கு?

சிரிக்கிறவர்கள்

தமிழ் படித்த பையன் ஆங்கிலம் பேசும்போது, தமிழ் ஜோடியை அப்படியே கொண்டுபோய் வைக்கிறான். 'கையெழுத்துப் போடு' என்று நினைத்து 'புட் சைன்' என்கிறான். 'மாத்திரை சாப்பிடு' என்று நினைத்து 'ஈட் டாப்லெட்' என்கிறான். 'தப்புச் செய்தேன்' என்பதை 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்கிறான்.

கேட்பவர் புன்னகை செய்கிறார். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார். பையன் முகம் சுருங்குகிறது. அடுத்த கேள்விக்குத் தெரிந்த பதிலையும் சொல்லாமல் விழுங்கிவிடுகிறான். வேலைக்கான பேட்டி என்றால், அந்த ஒரு புன்னகை ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டுவிடும்.

இந்தச் சிரிப்பில் துளியும் நியாயம் இல்லை.

'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று ஒருவன் சொன்னால், அவன் சொல்ல வந்தது புரியாமல் போகிறதா? இல்லை. தவறு நடந்தது என்பதும், அதைச் செய்தது தான்தான் என்பதும் தெளிவாகவே புரிகிறது. ஏன் புரிகிறது? பொருளைச் சுமக்கும் சொல் 'மிஸ்டேக்'. அதைச் சரியாகச் சொல்லிவிட்டான். அவன் தவறியது வெறுங்கையோடு வரும் சொல்லில். அது மாறினாலும் மூட்டை கீழே விழவில்லை.

ஆங்கிலத்தில் செய்யக்கூடிய தவறுகளில் நஷ்டம் மிகக் குறைந்த தவறு இதுதான். ஆனால் மிக அதிகமாகச் சிரிக்கப்படும் தவறும் இதுதான்! காரணம், சொல்ல வந்தது புரியவில்லை என்பது அல்ல. எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், எந்த வீட்டிலிருந்து வந்தவன் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. வீட்டில் தகப்பனாரும் தாயாரும் ஆங்கிலம் பேசினால் இந்த ஜோடிகள் காதில் விழுந்து தாமே வந்துவிடும். அப்படி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வராது. சிரிப்பவர் அறிவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்.

ஆங்கிலேயர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. லண்டன்காரர் குளிப்பதற்கு 'ஹேவ் எ பாத்' என்பார். அமெரிக்கர் 'டேக் எ பாத்' என்பார். அமெரிக்காவில் வியாபாரத்தில் ஒருவர் 'டேக் எ பாத்' செய்தார் என்றால் பெரும் பணம் நஷ்டப்பட்டார் என்றும் அர்த்தம். தலை முழுகினார் என்று வைத்துக்கொள்ளலாம்! முடிவு செய்வதற்கு அமெரிக்கர் 'மேக் எ டிசிஷன்' என்றுதான் சொல்லுவார். இங்கிலாந்தில் 'டேக் எ டிசிஷன்' என்றும் சொல்லுவார்கள்.

பரீட்சையைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். அமெரிக்கர் பரீட்சையை 'டேக்' செய்கிறார். இங்கிலாந்துக்காரர் பரீட்சைக்கு 'சிட்', அதாவது உட்காருகிறார். தமிழர் 'பரீட்சை எழுது' என்பதை வைத்து 'ரைட் தி எக்ஸாம்' என்கிறார். இதைத் தவறு என்று சிரிப்பவர்கள், கனடாவிலும் தென் ஆப்பிரிக்காவிலும் இப்படியே சொல்லுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எப்போது ஆபத்து?

அதற்காக, எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று அர்த்தம் அல்ல. சில இடங்களில் ஜோடி மாறினால் ஆளே மாறிவிடுவார்!

இந்தியில் பரீட்சையைக் 'கொடு' என்பார்கள். அதனால் வடநாட்டில் பலர் 'ஐ கேவ் தி டெஸ்ட்' என்கிறார்கள். லண்டன்காரர் காதில் விழுவது வேறு. பரீட்சை வைத்த ஆசிரியர் இவர் என்று நினைத்துக்கொள்ளுவார். ஆங்கிலத்தில் பரீட்சையைக் 'கிவ்' செய்பவர் ஆசிரியர். 'டேக்' செய்பவர் மாணவர்.

தமிழ்நாட்டில் ஆசிரியர் 'வகுப்பு எடுக்கிறார்'. ஆகவே, 'ஹி டேக்ஸ் எ கிளாஸ்' என்றால் அவர் பாடம் நடத்துகிறார் என்று இங்கே எல்லோருக்கும் புரியும். அமெரிக்காவில் இதைச் சொன்னால், அவர் மாணவராகச் சேர்ந்து படிக்கிறார் என்று புரிந்துகொள்ளுவார்கள். பேராசிரியர் ஒரே வார்த்தையில் மாணவர் ஆகிவிடுவார்!

இது வேடிக்கை. வேடிக்கை இல்லாததும் உண்டு. இங்கிலாந்தில் பழைய காலத்து விஷப் புட்டிகளின் கண்ணாடியிலேயே 'நாட் டு பி டேக்கன்' என்று எழுத்துக்கள் புடைத்து நிற்கும். இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரிய வேண்டும் என்பதற்காகப் புட்டியின் மேல் கோடுகளும் மேடுகளும் வைத்திருப்பார்கள். 'உட்கொள்ளக் கூடாது' என்பதுதான் அதன் பொருள். 'டேக் என்றால் எடு' என்று மட்டும் படித்தவன் அதை எப்படிப் படிப்பான்? 'இதை யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது' என்று படிப்பான். குடிக்கக் கூடாது என்பது அவனுக்கு எட்டவே எட்டாது.

850 சொல்லில் ஆங்கிலம்

ஆங்கிலத்தைச் சுலபமாக்கிவிடலாம் என்று பெரிய திட்டம் போட்டவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் சி. கே. ஆக்டன். கேம்பிரிட்ஜில் இருந்த அறிஞர். 1930-ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்ற திட்டத்தை வெளியிட்டார். மொத்தம் 850 சொற்கள் போதும் என்றார். அதில் வினைச்சொற்கள் எத்தனை தெரியுமா? 18 தான்! 'டிசைட்' என்ற வினை வேண்டாம். 'மேக் எ டிசிஷன்' என்றால் போதும். இப்படி 'மேக்', 'டேக்', 'கெட்', 'கிவ்' ஆகியவற்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு. பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் 1943-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பேசும்போது இந்தத் திட்டத்தை ஆதரித்தார்.

ஆனால் உலகம் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. சொற்களை எண்ணினார்கள், ஜோடிகளை எண்ணவில்லை. 18 வினைகளையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதைக் கற்பதற்குத்தான் வருஷக்கணக்கில் பிடிக்கிறது. ஆங்கிலேயருக்கு எது சுலபமோ, அதுவே அயலாருக்குக் கஷ்டம்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் ஜப்பானில் இருந்த ஆங்கில ஆசிரியர்கள். ஹெரால்டு பாமர் என்பவர் 1922-ல் ஜப்பானுக்குப் போனார். ஜப்பானிய மாணவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தார். 1933-ல் டோக்கியோவில் இப்படிப்பட்ட சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கையே வெளியிட்டார். அவரோடு வேலை செய்த ஹார்ன்பி, அயல்நாட்டு மாணவர்களுக்கென்றே ஓர் அகராதி தயாரித்தார். அது 1942-ல் ஜப்பானில் அச்சாயிற்று. 1948-ல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. இன்று உலகம் முழுவதும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதிக்கு அதுதான் தாய். சொல்லுக்கு அர்த்தம் சொல்லுவதோடு, அந்தச் சொல் எதனோடு சேரும் என்பதையும் அது காட்டுகிறது.

இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும், கடைகளில் விற்கும் 'ஆங்கிலம் பேசலாம்' புத்தகங்கள் பலவற்றில் என்ன இருக்கிறது? இடது பக்கம் ஒரு ஆங்கிலச் சொல்; வலது பக்கம் ஒரு தமிழ்ச் சொல். 'டேக்—எடு'. 'மேக்—செய்'. 'டூ—செய்'. 'மேக்'குக்கும் 'செய்', 'டூ'வுக்கும் 'செய்'! பையன் என்னதான் செய்வான்?

பெயர்ச்சொல்லைப் பிடி

பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்த இரட்டைப் பட்டியலைக் கைவிட வேண்டும். 'மிஸ்டேக்' என்று அச்சிட்டால் பக்கத்திலேயே 'மேக்' என்றும் அச்சிட வேண்டும். 'நாய்ஸ்' என்றால் 'மேக்'. 'ஹோம்வொர்க்' என்றால் 'டூ'. 'போட்டோ' என்றால் 'டேக்'. 'மீட்டிங்' என்றால் 'ஹோல்டு'. 'ஓட்டு' என்றால் 'காஸ்ட்'. 'கனவு' என்றால் 'ஹேவ்'. தமிழர் கனவு காணுகிறார், ஆங்கிலேயர் கனவை 'வைத்திருக்கிறார்'.

கவனியுங்கள்: இங்கே முன்னால் வருவது பெயர்ச்சொல். 'டேக்' என்று தலைப்புப் போட்டு அதன் கீழே ஐம்பது தொடர்களை எழுதினால் மண்டையில் ஏறாது. பேசுகிறவன் மனத்தில் முதலில் வருவது 'போட்டோ'தான், 'டேக்' அல்ல. போட்டோவைப் பிடித்தால் அதன் ஜோடி பின்னால் வந்துவிட வேண்டும்.

இடையில் வரும் 'எ' என்ற ஒற்றை எழுத்தையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுவது நல்லது. 'டேக் எ சீட்' என்பதில் அது உண்டு. 'டேக் கேர்', 'டேக் பார்ட்' என்பவற்றில் இல்லை. இதற்கும் காரணம் தேட வேண்டாம்.

ஆங்கிலம் தெரியாத தாயார்கூட இதில் பிள்ளைக்குப் பாடம் கேட்கலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் பெயர்ச்சொல். வலது பக்கம் ஜோடி வினை. இரண்டையும் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, மேலே தமிழ் எழுத்திலும் எழுதி வைக்கட்டும். ஒரு நாளைக்கு மூன்று ஜோடி. ராத்திரி சாப்பாடு ஆன பிறகு தாயார் வலது பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, "மிஸ்டேக்குக்கு என்ன?" என்று கேட்க வேண்டியதுதான். "மேக்" என்று பதில் வந்ததும் கையை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் போட்டோ, லீவு போன்ற சொற்களை வைத்துக்கொள்ளலாம். அங்கே தமிழும் 'எடு', ஆங்கிலமும் 'டேக்'. இரண்டும் ஒத்துப்போவதால் பிள்ளைக்குத் தைரியம் வரும். கையெழுத்து, மாத்திரை, பரீட்சை எல்லாம் இரண்டாம் வாரத்துக்கு இருக்கட்டும்.